இன்னும் ஆறு வளைவு

அடிவாரச் சோதனைச் சாவடியில் காலை ஆறு பத்து.
காற்று இருபத்தி நாலு டிகிரி,
சக்கரம் இருபத்தி ஏழு.
நான் ஐம்பத்தி மூன்று கிலோ.
முதுகில் இருபது கிலோ ஆற்று மணல்,
செவ்வாய்ப்பேட்டை அரிசிச் சாக்கில் இறுக்கிக் கட்டியது.
"வாங்குறவன் எல்லாம் உன்னாட்டம் ஒல்லியாவா இருப்பான், மெர்லின்?"
என்று மாட்டிவிட்டான் செங்கோட்டுவேல்.
அவன் ஸ்கூட்டரில் பின்னால் வருவான்,
என் காதில் எண்கள் சொல்லிக்கொண்டு.

ஒற்றைச் சக்கரம்.
முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும்.
பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத ஒன்றின் மேல் நின்று
ஏற்காடு ஏறுகிறேன்,
பொறுமை எந்த இடத்தில் தீர்கிறதென்று பார்க்க.
என்னுடையது இல்லை, அதனுடையது.

ஐந்தாம் வளைவில் நாற்பத்தி ஆறு.
ஏழில் ஐம்பத்தி எட்டு.
தடுப்புச் சுவரில் உட்கார்ந்த குரங்கு
என் கால்களுக்குக் கீழே
மீதி வண்டியைத் தேடுகிறது.
தூரத்தில் வெள்ளைக்கல் வெட்டிய குன்றுகள்,
யாரோ பாதி உரித்து வைத்த முட்டைகள்.

விரைந்து ஏறினால் சூடு குறைவு.
திணறித் திணறி ஏறும்போதுதான் கொதிக்கும் இந்த மோட்டார்.
நகராத ஒவ்வொரு நொடிக்கும்
செம்புக் கம்பியில் வட்டி ஏறும்.
அம்மாவுக்கு இதை விளக்கப் பார்த்தேன்.
முழுசாகக் கேட்டுவிட்டு
"மெதுவாப் போ கண்ணு" என்றாள்.

பதினொன்றில் அரசுப் பேருந்து.
மூக்கை நுழைக்கிறது, பின்வாங்குகிறது, மறுபடி நுழைக்கிறது.
அதன் புகைக்குள் நடை வேகத்தில் நான்.
எழுபத்தி ஒன்று, என்றான் காதில்.
எழுபத்தி ஏழு.
கீச், கீச் என்றது சக்கரம்.
எண்பதில் மிதிபலகை பின்னால் சாய்ந்தது,
விரல்கள் மேலே, குதிகால் கீழே,
போதும் இறங்கு என்று.
வாங்குகிறவர்கள் அங்கே இறங்கிவிட வேண்டும்.
சோதிக்கிறவள் அதற்கு மேலும் சாய வேண்டும்.

சாய்ந்தேன்.

பதினான்காவது வளைவு, எண்பத்தி ஆறு டிகிரி.
கீச்சும் இல்லை ஒன்றும் இல்லை.
இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று
கால் வைத்த மாதிரி.
முட்டிக் கவசம் தார் மேல் நீளமாய்க் கிறுக்கிக்கொண்டு போனது.
மணல் ஒரு நொடி தாமதமாக வந்து
முதுகில் உட்கார்ந்தது.

பேருந்தும் அங்கேயே நின்றுவிட்டிருந்தது.
முன்மூடி திறந்து, ஆவி கிளம்பி,
குடத்தோடு ஓடினார் நடத்துனர்.
ஓட்டுனர் என்னைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார்.
"இதுக்கு எங்க தண்ணி ஊத்துவீங்க?"
ஊத்தக் கூடாதுண்ணா.
"அப்புறம்?"
சும்மா காத்திருக்கணும்.
அதுதான் சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு
பீடி பற்றவைத்தார்.

காபித் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள்
இறங்கி வந்து சுற்றி நின்றார்கள்.
ஒருத்தி புறங்கையை வைத்துப் பார்த்து
"இட்லி வெந்துரும்" என்றாள்.
இன்னொருத்தி என் முழங்கையில் இருந்த ரத்தத்தைக்
கேட்காமலே தன் முந்தானையால் துடைத்தாள்.

அறுபதுக்கு இறங்க ஒன்பது நிமிடம்.
ஐம்பதுக்குப் பதினேழு.
பேருந்து ஆறப் பதினொன்று.
அதையும் எழுதினான் செங்கோட்டுவேல்,
எந்தக் கட்டத்திலும் சேராமல், தாளின் ஓரத்தில்.

சூரமங்கலத்திலிருந்து முதலாளி கூப்பிட்டார்.
எண்பதிலேயே சாய்கிறது என்று கடைக்காரர்கள் முனகுகிறார்களாம்.
"எண்பத்தி அஞ்சுன்னு வெச்சுக்கலாமாம்மா?"
தாரில் என் கோட்டைப் பார்த்தேன்.
இரண்டு ஆள் நீளம் இருக்கும்.
அது முடிந்த இடத்திலிருந்து
தடுப்புச் சுவருக்கு ஒரு முழம்.
எழுபத்தி அஞ்சு சார், என்றேன்.
அவர் பேசவில்லை. பீடிப் புகை கடந்து போனது.
எழுபத்தி அஞ்சு.

"மணலைக் கொட்டிரட்டா?" என்றான் இவன்,
"மேல போறதுக்காச்சும் லேசா இருக்கும்."

வேண்டாம்.
இந்த எடையில் ஒருவர் வருவார்.
பெயர் தெரியாது, முகம் தெரியாது,
இருபது கிலோ மட்டும் தெரியும்.

சாக்கை மாட்டிக்கொண்டு ஏறி நின்றேன்.
முப்பத்தி எட்டு, என்றான் காதில்.
இன்னும் ஆறு வளைவு.