கட்டிய ஆண்டு

ராயக்கோட்டைச் சந்தைத் தெருவில் நாற்பத்தொரு கட்டடங்கள்.
எனக்குத் தந்தது ஒரு டேப், ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட்,
கட்டம் போட்ட படிவங்கள்.
டேப்பின் மறுமுனை கெம்பண்ணன்.

சாலை நடுவிலிருந்து எட்டு மீட்டர்.
அது எங்கே முட்டுகிறதோ அங்கே ஒரு கோடு.
மருந்துக்கடைக்குப் படிக்கட்டு மட்டும் போகிறது.
லாட்ஜுக்கு முன்னறை இரண்டும்,
அதிலொன்றில் தூங்கிக்கொண்டிருந்தவரின் கட்டிலில் பாதியும்.
தக்காளி லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்க
அளந்தோம்.

பத்தொன்பதாவது, புளிமண்டி.
தராசு போய் எத்தனையோ காலம்.
அதன் கொக்கியில் இப்போது ஹெல்மெட் தொங்குகிறது.
"கட்டிய ஆண்டு?" என்றேன்.
"எந்தச் சுவருக்கு மேடம்?" என்றார் குத்புதீன்.

முன்சுவர் எமர்ஜென்சியில்.
கூரை அதற்கு முன்னே, சண்டைக் காலத்தில்,
தேக்கு கிடைக்காமல் பனங்கை போட்டது.
நடுச்சுவர் கடுக்காய்ச் சுண்ணாம்பு,
யார் வைத்ததென்று அவர் அத்தாவுக்கும் தெரியாது.
பின்சுவருக்கு டார்ச் அடித்தார்:
ஒரு முழக் கருங்கற்கள்.
ஒன்றில் குண்டு பட்ட குழி.
குழிக்குள் டீக்கடைப் பாக்கிச் சீட்டு.
"மேல கோட்டை இருந்துச்சே, அதுதான்.
கும்பினிக்காரன் போனப்புறம் ஒவ்வொண்ணா இறங்கி வந்துருச்சு.
இந்த ஊர்ல எந்த வீட்டைத் தட்டினாலும்
கொஞ்சம் கோட்டை விழும்."

பெயின்ட் ஒட்டப் பக்கச்சுவரைச் சுரண்டினேன்.
ரோஸ், நீலம், மஞ்சள், வெள்ளை, மறுபடி வெள்ளை,
அதற்கும் அடியில்
தாரில் இழுத்த ஒரு கோடு.
பக்கத்தில் எண், அடிக்கணக்கில்.
அண்ணாந்து பார்த்தேன்:
பனங்கைகளின் நுனியில் ரம்பத்தின் பல்.
அந்தக் கோட்டின் மேல்தான்
இன்றைய முன்சுவர் நிற்கிறது.

எனக்கு முன்னே ஒருவன் இங்கே நின்றிருக்கிறான்.
அவன் சங்கிலியின் மறுமுனையையும்
யாரோ பிடித்திருக்க வேண்டும்.

மதியம் மலையடியில் சாப்பிட்டோம்.
பேர் உதிர்ந்த வெள்ளைக்காரக் கல்லறைப் பலகைமேல்
ஓபுளம்மா தக்காளி பிரிக்கிறாள்:
பழம் பெங்களூருக்கு, செங்காய் சென்னைக்கு,
நசுங்கினது அவள் முந்தானைக்கு.
"இவங்க உங்க லிஸ்ட்ல இருக்காங்களா?"
"இல்லம்மா, ரோட்டுக்குத் தூரம்."
"பொழைச்சாங்க போ."

திரும்பி வந்தபோது குத்புதீன் குரலைத் தாழ்த்தினார்.
கோட்டை இன்னும் அரையடி உள்ளே போட்டால்
பணம் கூட வருமாம்.
"பின்சுவரை மட்டும் தொட்டுறாதீங்க.
அதை இடிக்கிற கூலிக்கு
ரெண்டு மண்டி கட்டலாம்."

ஆண்டு என்ற கட்டத்தில் 'பல' என்று எழுதினேன்.
ஆபீஸ் கம்ப்யூட்டர் நான்கு இலக்கம்தான் வாங்கும்,
தெரியும்.
அடித்துவிட்டு 1976 என்றேன்.

தார்க்கோட்டுக்கு நான்கடி உள்ளே
என் சிவப்பு வழிந்துகொண்டிருந்தது.
கெம்பண்ணன் தன் முனையை விட்டான்.
புளித்தூசியைக் கிளப்பிக்கொண்டு
டேப் சீறி
என் கைக்குள் வந்து விழுந்தது.