திருகாணி

முதல் காட்சியிலேயே நான் செத்துக் கிடக்கிறேன்.
சில்வர் ஓக் மரத்தடி, ஏற்காட்டுப் பனி,
காபிச் செடிகளுக்கு நடுவே ஒரு கை.
அந்தக் கை என்னுடையது.
முகம் வராது. முகத்துக்கு வேறு சம்பளமாம்.

நாவலில் அவன் பெயர் தனசீலன், எஸ்டேட் கணக்கன்.
அறுபத்திரண்டாம் பக்கம் வரை உயிரோடிருக்கிறான்.
இருமுகிறான். சீட்டுப்பணம் கட்டத் தவறுகிறான்.
மகளின் ஃபீஸுக்காக மூன்று வீடு ஏறி
மூன்றாம் வீட்டில் மோர் மட்டும் குடித்துவிட்டு
மழையில் திரும்பி வருகிறான்.
பழைய பஸ் ஸ்டாண்டு நடைபாதையில்
முப்பது ரூபாய்க்கு வாங்கி
இரண்டே ராத்திரியில் படித்தேன்.
சாகப் போகிறவன் கொஞ்சம் வாழ்ந்து பார்க்க வேண்டாமா?

‘எதுக்குண்ணே படிச்சிக்கிட்டு,
சும்மா படுத்தாப் போதும்’ என்றான்
உதவி இயக்குநர் பையன்.

எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை.
பொடி வைத்து ஊதுவதுதான் தொழில்.
நாவல்காரரும் பொடி வைத்தே ஊதியிருந்தார்:
அறுபத்து மூன்றாம் பக்கம்,
பிணத்தின் மூடிய கைக்குள்
ஒரு கொலுசுத் திருகாணி.
அதுவும் இடம்புரி மரை.
முப்பது வருஷத்தில் இரண்டே முறைதான்
அப்படி வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.
எழுதியவர் எங்கள் தெருப் பட்டறை எதிலோ
முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், சந்தேகமில்லை.

அந்த மரை போய்ப் பொருந்துவது
டாக்டர் பெண்டாட்டியின் இடதுகால் கொலுசில்.
டாக்டர்தான் கொலைகாரன்.
சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.
சொன்னாலும் கெடுதலில்லை,
படத்தில் அது கிடையாது.

ஐந்து ரோடு தியேட்டர், ஞாயிறு மாலைக் காட்சி.
கை வந்ததும் பூங்காவனம் எழுந்து நின்று
‘ஐயோ, எங்க வீட்டுக்காரரு கை!’ என்று கத்த
முன்வரிசை முழுக்க விசில்.
கட்டைவிரலின் ஆசிட் கறையை
அத்தனை பெரிதாக
அவள் பார்த்ததில்லை.

திருகாணி சிறுசு, திரையில் எடுக்காது என்று
செல்போன் வைத்துவிட்டார்கள்.
உடைந்த கண்ணாடிக்குள் பாதி நம்பர்.
இடைவேளையில் பின்சீட்டுக்காரன்
டாக்டர்தான் என்று நூறு ரூபாய் பந்தயம் கட்டினான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
செத்தவன் பேசினால் கதை என்னாவது?

பந்தயத்தில் அவன் தோற்றான்.
டாக்டர் வேஷத்தில் கதாநாயகன்.
கதாநாயகன் கொல்லமாட்டார்.
யாராவது கொன்றாக வேண்டும் இல்லையா,
பதினேழாவது கொண்டை ஊசி வளைவில்
மழையில் துரத்தி மடக்கினார்கள்
வாட்ச்மேன் சடையனை.

நாவலில் சடையனுக்கு நாலே பக்கம்.
போலீஸ் மலையேறி வரும்வரை
தன் கம்பளியைப் பிணத்தின்மேல் போர்த்தி
நாய் அண்டாமல் பக்கத்தில் குந்தியிருப்பான்.
பீடி பற்றவைப்பான், இறந்தவன் எதிரே ஆகாதென்று
உடனே அணைப்பான்.
அவ்வளவுதான் அவன் செய்தது.

தியேட்டரே கைதட்டியது.
எனக்குக் குளிர்ந்தது.

படப்பிடிப்பன்று நாலு டேக்.
மணிக்கட்டில் எறும்பு ஊர்ந்தது, நான் அசையவில்லை.
‘கையை விரிச்சு வைங்கண்ணே’ என்றார்கள்,
விரிக்கவில்லை.
விறைத்த கை விரியாது சார் என்றேன்.
பிணத்துக்கு இவ்வளவு விவரமா என்று சிரித்துவிட்டு
அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

வீடு திரும்பும் டவுன் பஸ்ஸில் பூங்காவனம் கேட்டாள்,
‘அந்த வாட்ச்மேன் எதுக்குங்க கொன்னான்?
காரணமே சொல்லலையே.’
சட்டைப்பையைத் துழாவி
அன்று என் கைக்குள் இருந்ததை
அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
பஸ் குகை தாண்டும்வரை
விரல்நுனியில் உருட்டிக்கொண்டே வந்தாள்.
பிறகு தன் கொலுசைக் கழற்றி
அதில் மாட்டப் பார்த்தாள்.

‘ஏனுங்க,
இது தப்பாச் சுத்துதே.’