படகு என்னும் ஊர்

இந்த ஊருக்குப் படகு என்று பெயர்.
வூட்ச் என்று சரியாகச் சொல்ல
எனக்கு ஒரு பனிக்காலம் பிடித்தது.
ஆறு எங்கே என்று கேட்டால்
காலடியைக் காட்டுகிறார்கள்.
நெசவாலைக் காலத்திலேயே
குழாயில் போட்டு மூடிவிட்டார்களாம்.
ஆறில்லாத இந்தப் படகில்
நாங்கள் நால்வர்.
மூவர் என்றும் எழுதலாம்.

பொய்ப்பல் செய்யும் கூடத்துக்கு அடியில் ஸ்டுடியோ.
மேலே ராவுகிற இயந்திரம்
மாலை ஆறு மணிக்குத்தான் நிற்கும்.
சுவரெல்லாம் கம்பளம்,
யாரோ செத்த வீட்டில் மலிவாகக் கிடைத்தவை.
மணிக்கு எண்பது ஸ்லோட்டி வாடகை:
கிடங்கில் மூன்று மணி நேரம்
நான் பெட்டிகளுக்கு நாடா ஒட்டும் கூலி.
என் டிரம்ஸில் தயக்கம் இல்லை என்கிறார்கள்.
எப்படி இருக்கும்,
அடி ஒவ்வொன்றுக்கும் விலை தெரியும்போது?

கிட்டார் யாத்விஹா. விடியுமுன் டிராம் பெட்டி கழுவுகிறாள்.
விரல்நுனியில் கம்பி போட்ட தழும்பு எது,
சோப்பு போட்ட வெடிப்பு எது,
அவளுக்கே தெரியாது.
பாடுவது வின்த்சுக்.
பாஸ் வாசிப்பவன் ஹரோத்னாவிலேயே இருக்கிறான்.
வர முடியவில்லை, வர மாட்டேன்,
இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறான்.
நள்ளிரவில் சமையலறையில்
போர்வைக்குள் உட்கார்ந்து வாசித்து
கைபேசியில் பிடித்து அனுப்புகிறான்.
மூன்றாம் பாட்டின் நடுவே ஒரு நாய் குரைக்கிறது.

அதை எடுத்துவிடலாம் என்றாள்
ஒலிப்பதிவு செய்யும் போகுமீவா.
யாத்விஹா குனிந்து திரையைப் பார்த்தாள்.
"அது மூன்றாம் மாடி நாய். பெயர்கூடத் தெரியும் எனக்கு."
நாய் இருக்கிறது.

நேற்று நான்காம் பாட்டு.
பல்லவியில் ஒரே சொல், பதினாறு முறை
தொண்டை கிழியக் கத்துவான் வின்த்சுக்:
ஸபோம்னி.
ஒன்பதாவது டேக் முடிந்ததும்
ஹெட்போனைக் கழற்றிவிட்டு
போகுமீவா மூக்கைச் சிந்தினாள்.
"மறந்துவிடு, மறந்துவிடு என்று
யாராவது என் அம்மாவிடம்
இப்படிக் கத்தியிருக்கலாம்.
எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே போனாள்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு
நினைவில் வை என்று பொருள்.

எல்லையில் எல்லாவற்றையும் திறந்தார்கள்.
ஸ்னேர் டிரம்முக்குள் கைவிட்டுத் துழாவினார்கள்,
என் பழைய காலுறையைக்கூட உதறிப் பார்த்தார்கள்.
இதை மட்டும் யாரும் கேட்கவில்லை.
எந்தக் கம்பத்தருகே அது புரண்டு படுத்ததோ.

படிக்கட்டில் சிகரெட்டும் சண்டையும்.
வரியை மாற்றுகிறேன் என்றான் வின்த்சுக்.
மாற்றினால் நான் வாசிக்க மாட்டேன் என்றாள் அவள்.
முந்நூறு தட்டுதான் போடுகிறோம்,
அதில் பாதியை வாங்கப்போவது இந்த ஊர்,
அவர்களுக்கு மறக்க ஒன்றுமில்லையா என்றாள்.
என்னைக் கேட்டார்கள்.
இரு மொழியிலும் அழுத்தம் நடு அசையில்தான் விழுகிறது,
அங்கேதான் சிம்பலை அடிக்கிறேன் என்றேன்.
அது பதிலே இல்லை என்றான்.
இல்லைதான்.

உறையின் மாதிரி இன்று அச்சகத்திலிருந்து வந்தது.
பாஸ் என்பதற்கு எதிரே வெற்றிடம்;
அவன் அப்படித்தான் கேட்டிருந்தான்.
பெயர் விட்டுப்போயிற்றே என்று அச்சகத்தார் இருமுறை அழைத்தார்.
அடியில் சிறிய எழுத்தில்
குரைப்பு: முர்ஸா
என்று யாத்விஹா சேர்த்திருந்தாள்.
படமெடுத்து அனுப்பினோம், சிரிப்பான் என்று.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில்:
நாயின் பெயரும் வேண்டாம்.
எங்கள் தெருவில் அந்தப் பெயரில் அது ஒன்றுதான்.
குரைப்பு இருக்கட்டும்.

மணி ஆறு.
மேலே பல் ராவுவது நிற்கிறது.
தரைக்குக் கீழே ஏதோ ஓடுவது கேட்கிறது.
கொதிகலன் என்கிறாள் போகுமீவா,
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விரலை உயர்த்துகிறாள்.
குச்சிகளைத் தட்டி
நாலு வரை எண்ணுகிறேன்.