மேட்டு லயத்துக்குத் தண்ணீர் வரவில்லை

பவளராணிக்குத் தலைவலி என்பது
தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.
பித்தம் என்றார்கள். கூடைக் கயிறு என்றார்கள்.
மருந்துக்காரர் பெனடோல் நாலு எண்ணிக் கொடுப்பார்.
சேலைத் துண்டால் நெற்றியை இறுக்கிக் கட்டி
இருட்டில் கிடப்பாள், கோழி கூவினாலும் குத்தும் என்பாள்.
மறுநாள் பெரட்டுக்குப் போய்விடுவாள்.

செவ்வாய்க்கிழமை, பத்தாம் நம்பர் மலையில்,
நிரையின் நடுவே
"யாரு அடிச்சது?" என்று திரும்பிப் பார்த்தாளாம்.
பின்னால் யாருமில்லை.
கொழுந்து கொட்டிக் கிடந்ததாம்.

கண்டி ஆஸ்பத்திரியில் டொக்டர்
துண்டின் பின்பக்கம் ஒரு கோடு கீறினார்.
கோடு இரண்டாய்ப் பிரிகிற இடத்தில்
மிளகளவு ஒரு வீக்கம்.
சிங்களத்தில் சொன்னது பாதி புரிந்தது.
படம் முழுக்கப் புரிந்தது.
இருபது வருஷமாய் ஊற்றிலிருந்து லயத்துக்குக்
குழாய் இழுக்கிறவன் நான்.
பிரிகிற முட்டில்தான் புடைக்கும்.
புடைத்தது மெலியும்.
மெலிந்தது ஒருநாள்

"இதுக்கு வால்வு எங்க சேர்?"
அவர் சிரிக்கவில்லை.
தன் தொடையைத் தொட்டுக் காட்டினார்.
இங்கிருந்து கம்பி போகும், மேலே.

தோட்டையும் மூக்குத்தியையும் பிளாஸ்டரில் சுற்றித்
தாதி என் கையில் வைத்தாள்.
கதவு மூடியதும் போன் அடித்தது.
அண்ணே, மேட்டு லயத்துல தண்ணி இல்ல,
கோயிலடியில பைப் வெடிச்சிருக்கு.

தம்பி, சவுக்கு மரத்துக்கிட்ட தகரத்தைத் தூக்கு.
சிவப்புச் சக்கரம். வலப்பக்கம்.
மெதுவா.
ஒரேயடியா மூடாத,
போற தண்ணி திரும்பி வந்து இடிக்கும்,
வேற எங்கயாவது விட்டுப்போகும்.
கால் சுத்து. நில்லு.
கேக்குதா? இன்னும் கால் சுத்து.

நான் லைன்லதான் இருக்கேன்.