ஹார்ன்

நாற்பத்தொரு ஆட்டங்கள் என் பெயரில்.
முதல் போனசில் பாதி,
தீபாவளித் தள்ளுபடியில் மீதி.
ஒரகடம் ஹாஸ்டலில் என் லேப்டாப்.
காலடிப்பேட்டை வீட்டில்
பழைய பாகம் பொறுக்கி லோகு கட்டிய டப்பா.
குடும்பத்துக்குள் பகிரலாம் என்றது கம்பெனி.
சின்ன எழுத்தில் இன்னொன்றும் சொன்னது:
ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

எங்கள் வீட்டுக் குளியலறைக்கும் அதே சட்டம்,
ஆகவே யாரும் வருத்தப்படவில்லை.

லோகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டான்.
நான் எப்போதும் மழை பெய்யும் ஒரு தீவில் மீன் பிடித்தேன்.
"மீனுக்கு காசிமேடு போனா பத்தாதா?"
என்று கேட்டதோடு சரி, நைனாவுக்கு எதுவும் தேவைப்படவில்லை,
லோகு அந்த லாரி ஆட்டத்தைத் திறந்து காட்டும் வரைக்கும்.

இருபத்தாறு வருஷம் டிரெய்லர் ஓட்டியவர்.
ஓட்டியது என்பது பேச்சுக்கு.
எண்ணூர் ரோட்டில்
நாற்பதடிப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
ஜீரோ கேட்டைப் பார்த்து நின்றவர்.
பதினாறு மணி நேரம். இருபது.
முன்வண்டி ஒரு முழம் நகர்ந்தால் ஒரு முழம்.
மடியில் சோறு,
மணலிக் காற்றில் பல் விளக்கல்.

அவர் இப்போது ராத்திரி பன்னிரண்டுக்கு
பேர் வாயில் நுழையாத ஊரிலிருந்து
பேர் வாயில் நுழையாத இன்னொரு ஊருக்குச்
சீஸ் ஏற்றிப் போகிறார்.
ரோடு காலி.
லோகு வைத்துக் கொடுத்த பெயர்: தேசிங்கு 4227.
பெயர் நைனாவுடையது.
நம்பர், முதலாளி வண்டியுடையது.

முதல் தடவை தெரியாமல்தான் செய்தேன்.
மீன் பிடிக்க இங்கே நான் நுழைய,
அங்கே அவர் திரையில் வந்திருக்கிறது:
உரிமையாளர் வந்துவிட்டார்,
ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளவும்.
எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மூன்று நிமிடம் போய்விட்டது.
"யார்றா அது, பின்னாடி ஹார்ன் அடிக்கிறது?"
அக்கா, என்றானாம் லோகு.
ஓரங்கட்டி,
ஹேண்ட்பிரேக் போட்டு,
விளக்கை அணைத்துவிட்டுத்தான் எழுந்தாராம்.

மாசியில் லோகு கள்ள ஆட்டம் ஆடி மாட்டினான்.
சுவருக்கு அந்தப்பக்கம் நிற்பவனைக் காட்டும் ஏதோ ஒன்று.
தடை அவனுக்கு மட்டுமில்லை, கொடுத்த எனக்கும்.
ஃபோனில் நான் கத்திய கத்தில்
ஹாஸ்டல் வார்டன் வந்து எட்டிப் பார்த்தாள்.
நைனா ஃபோனைப் பிடுங்கி நிதானமாக விசாரித்தார்.

"அவன் இடிச்சதுக்கு ஓனர் மேல கேஸா?"
ஆமா நைனா.
"ஓட்டுனவன் லைசென்ஸ வாங்கி வச்சிக்கினு
ஓனர டீ குடிக்கச் சொல்லி அனுப்பல?"
இல்ல நைனா.
கொஞ்ச நேரம் சீலிங் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.
"நல்ல கம்பெனிதான்."

எர்ணாவூர் பாலத்தடியில் 4227க்கு பிரேக் பிடிக்காமல் போன வருஷம்
நான் ஏழாவது படித்தேன்.
மூன்று தடவை முதலாளியிடம் சொல்லியிருந்தாராம்.
எட்டு மாசம் காசிமேட்டில் ஐஸ் உடைத்தார்.
வீட்டுக்கு வந்ததும்
விரல்களை வென்னீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

லோகுவோடு மூன்று வாரம் பேசவில்லை.
அவனை நீக்க ஒரு பொத்தான் இருக்கிறது.
அழுத்தினால் அந்த டப்பாவே போகும்.
டப்பாவோடு லாரியும்.

இன்றைக்கு ஷிப்ட் முடிய இரண்டரை ஆகிவிட்டது.
தூக்கம் வரவில்லை. திறந்தால்,
அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.
லோகுவுக்கு எழுதினேன், இருபத்திரண்டு நாளில் முதல் வரி:
எங்கடா போறாரு?
உடனே ஒரு படம் அனுப்பினான்.

நாற்சந்தி. பனி.
முன்னால் வண்டியில்லை, பின்னால் இல்லை,
போலீஸும் இல்லை, அந்த ஊரிலேயே ஆளில்லை.
சிக்னல் சிவப்பு.
கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் 4227.
போ நைனான்னா போவ மாட்றாரு, என்று கீழே எழுதியிருந்தான்,
சிரிப்புப் பொம்மை எதுவும் போடாமல்.

என் விரல் ஆட்டத்தின் மேல்தான் இருந்தது.
எடுத்துக்கொண்டேன்.
தீவில் மழை பெய்துகொண்டிருக்கட்டும்.
நானும் பின்னால் நின்றேன்,
ஹார்ன் அடிக்காமல்.