மேலச்சு

பழைய தபால்தலைகளை எறியாதே என்றார்கள்.
அரசனின் முகத்தின் மேலேயே
புது நாட்டின் பெயரை அடித்தால் போதும்.
காகிதம் மிச்சம்.

சாவா ஆற்றுப் பாலத்தில் நின்று
ஜெர்மன் அதிகாரி கணக்குப் போட்டார்:
இந்த ஊரைக் காக்க அறுநூறு பேர்;
அந்த அறுநூறும் கிழக்கே வேண்டும்.
ஒரு கொடிக்கு,
தையற்கூலியோடு, என்ன ஆகிவிடும்?

எனக்குப் புதுத் தொப்பி வந்தது.
தொப்பிக்குள் மடித்து ஒரு பட்டியல்.
இருபது வருஷம் தபால் பிரித்தவன் நான்,
உறைமேல் எழுத்தின் வளைவைப் பார்த்தே
யார் எந்தத் தேவாலயம் என்று சொல்வேன்.
அந்நியனுக்கு எங்கள் வாசல்கள் தெரியாது.
அதற்குத்தான் எங்களுக்கு நாடு.

மழை. ஒப்ராத் வீட்டுக் கதவை
நான்தான் தட்டினேன்.
“திகோமிர், மகனிடமிருந்து கடிதமா?” என்று
ஈரக் கையைத் துடைத்துவிட்டு
நீட்டினான்.