ஐந்து விசைகள்

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிற வேலை
எங்கள் அச்சுக்கூடத்துக்குத்தான் வந்தது.
நூற்றைம்பது பிரதி. தாமரை வேண்டாம்,
அட்டையில் கோணேசர் மலை போடச் சொன்னார் தமையன்.
படத்தில் நீ கோட்டுப் போட்டிருக்கிறாய்.
கலியாணம் ஆகாதவன் என்று
பெட்டிக்குள்ளும் அதே கோட்டோடுதான் கிடத்தினார்கள்,
மாப்பிள்ளை மாதிரி.
கழுத்துப்பட்டியை ஒரு மாமா மூன்று தரம் முடிந்து பார்த்தார்,
சரிவரவில்லை.

நானும் மூன்று தரம் ஒப்புநோக்கினேன்.
ஒற்றுப்பிழை இல்லை. பிறந்த திகதி சரி.
மருமக்கள், பெறாமக்கள், எல்லோரும் வரிசையில்.
பெயர் மட்டும்தான்.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

மாதுமை.

ஒரு தாளில் ஒரு பெயர்தான் எழுதலாம்.
இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்
உவர்மலையிலிருந்து உப்புவெளி வரைக்கும்
ஒரு பின்னேரத்துக்குள் கதை போய்விடும்.
உன் அம்மா நாளைக்கும் சந்தைக்குப் போக வேணும், மாதுமை.

என் போனில் நீ வேறு மாதிரி இருந்தாய்.
பாமினி எழுத்துரு இல்லாத கணினியில்
தமிழ் ஆங்கிலக் குப்பையாகச் சிதறுமே, அப்படி:
கே, எச், பெரிய ஜே, ஐ, கே.
நீதான் கண்டுபிடித்தாய்.
"ஐஞ்சு விசை. ஒருத்தருக்கும் வாசிக்கேலாது,
தட்டச்சுக்காரி உன்னைத் தவிர."

மீற்றர் வாசிக்கிற உத்தியோகம் உனக்கு.
எல்லா வளவுக்குள்ளும் போவாய்,
எல்லா நாய்க்கும் உன்னைத் தெரியும்.
எந்த வெய்யிலிலும் சப்பாத்தைக் கழற்றமாட்டாய்.
உள்ளே பத்து நகமும் நாவற்பழ நிறம்.

டெங்கு. ஆண்கள் வாட்டில் யன்னலோரக் கட்டில்.
பிளேட்லெட் இறங்கிக்கொண்டிருந்த மூன்றாம் இரவு
"அம்மா கால் அமத்திவிட வருவா,
அழிச்சுவிடடி" என்றாய்.
ரிமூவர் மணத்துக்குப் பக்கத்துக் கட்டில்காரர் இருமினார்.
ஒன்பது விரல் முடிந்தது.
பத்தாவதுக்கு முதல் அம்மா சுடுதண்ணிப் போத்தலோடு
வந்துவிட்டா.
இடது காலில் சின்ன விரல்.
பார்த்தாவோ இல்லையோ,
போர்வையை அதன்மேல் இழுத்துவிட்டு
மற்றக் காலை அமத்தத் தொடங்கினா.

அழிக்கச் சொன்னது நீ. அழித்தது நான்.
இதற்கு மேல் எனக்குச் சொல்ல வராது.

உத்தியோகத்தை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், நோயையும்,
இந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு
ஒருத்தரும் உன் வீட்டுப் படலைக்கு வந்துவிடாதபடிக்கு.
நாய்கள் உண்மை. சின்ன விரல் உண்மை.

இதுவும் உண்மை:
ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில்
அர்ச்சனைச் சிட்டையோடு நின்றோம்.
"பேர்?" ஐயர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.
நீ சொன்னாய். வாய்க்குள்தான், ஆனால் சொன்னாய்.
தங்கச்சிக்கு என்று நினைத்திருப்பார்.
வீதி சுற்றும்போது என் கையைப் பிடித்து உலுக்கினாய்,
"கேட்டியா? ஜாதஸ்ய இல்லை, ஜாதாயாஹா எண்டார்!"
அர்த்தத்தை ஐயருடைய மகனிடம் விசாரித்து வந்தாய்:
பிறந்தவனுக்கு இல்லையாம், பிறந்தவளுக்காம்.
சமஸ்கிருதத்தில் உனக்குத் தெரிந்த ஒரே இலக்கணம்.
கடலைச் சுருள் முடிந்து
கடற்கரையில் விளக்குகள் எரியும்வரை
அதையே சொல்லிக்கொண்டு நடந்தாய்.

துடக்கு உறவுக்காரருக்குத்தான். எனக்கு ஒன்றுமில்லையாம்.
நூற்றைம்பதையும் கட்டிக் கொடுத்துவிட்டு
நேரே போனேன், விரலில் மை கழுவாமல்.
செத்தவர்களுக்கு அர்ச்சனை இல்லை என்று எனக்கும் தெரியும்.

"பேர்?"
சொன்னேன்.
"நட்சத்திரம்?"
உத்தரட்டாதி.

கச்சான் காற்று. யாரோ மணியை அடித்தார்கள்.
ஐயர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது.
ஜாதாயாஹா.